சம்பந்தி வீட்டு மீன்

தொழிற்சாலையின் பின்புற மைதானத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கவச வண்டிகள் நின்றன. வேலை முடிந்து, பெயின்ட் அடித்து, ஓட்டிப் பார்த்து, ரயிலில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பனி பெய்து அவற்றின் முதுகில் உட்கார்ந்தது. இரண்டாவது ஷிப்டுக்குப் போகும்போது வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால் மாடுகள் வரிசையாகப் படுத்திருப்பது போல இருக்கும். அவற்றை அங்கே நிறுத்தி வைத்திருந்தவள் என் பெரியம்மா.

பெர்னடீன் பெரியம்மா எங்கள் தொகுதியின் பிரதிநிதி. வாஷிங்டனில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சபையின் வெளியுறவுக் குழுவில் எதிர்க்கட்சி வரிசைக்கு அவள்தான் மூத்தவள். அங்கே நடப்பது இதுதான். எங்கள் அரசாங்கம் ஒரு நட்பு நாட்டுக்கு ராணுவ உதவி என்று பணம் கொடுக்கும். அந்த நாடு அந்தப் பணத்திலேயே எங்களிடம் வண்டி வாங்கும். வண்டி புறப்படும் முன் வெளியுறவுத் துறை நான்கு பேரிடம் வந்து சொல்லும். இரண்டு சபைகளிலும் அந்தக் குழுவின் தலைவர், எதிர்க்கட்சியின் மூத்தவர், ஆக நான்கு பேர். நால்வரில் ஒருவர் பொறுங்கள் என்றால் துறை பொறுக்கும். இதற்குச் சட்டம் கிடையாது. பழக்கம், அவ்வளவுதான். ஒருவர் வாய்ச் சொல்லுக்கு மற்றவர் கொடுக்கும் மரியாதையில் அத்தனை டன் இரும்பு நிற்கும்.

பெரியம்மா பொறுங்கள் என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி. முன்னால் அனுப்பிய வண்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன? எல்லையைக் காக்க என்று வாங்கியவை அவை. எல்லையில் பாதிகூட இல்லை, மலைப்பக்கத்து ஊர்களில் சொந்த ஜனங்களின் வீட்டுச் சுவரை இடிக்கப் போயின என்று ஒரு பேச்சு வந்தது. வெறும் பேச்சுதான், படம் இல்லை. எங்கள் ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். நட்புக்குள் இப்படிக் கேட்பது அழகா என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். அழகில்லைதான், ஆனால் பார்க்கும்வரை அடுத்த வண்டி கிடையாது என்றாள்.

அந்த நாட்டின் பெயரைப் பெரியம்மா சொல்ல மாட்டாள். குழுவில் இருப்பவர்களுக்கு அது ஊறிப்போன வழக்கம். காபி வரிசையிலும் லிப்டிலும் நாட்டின் பெயர் வாயில் வராது, பட்டப்பெயர்தான் வரும். இந்த நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் சம்பந்தி வீடு. விசேஷத்துக்கு விசேஷம் அழைக்க வேண்டும், கொஞ்சம் குறைந்தால் முகம் தூக்கும், கணக்குக் கேட்டால் உறவே போச்சு என்று நிற்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது.

என் அம்மாவுக்கு அக்கா அவள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் ஊரான ஆஸ்டர்மில்லுக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். பெரியம்மா சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். லைனஸ் பெரியப்பா தொழிற்சாலையில் யாரிடமோ பேசி என்னை இரண்டாவது ஷிப்டில் சேர்த்துவிட்டார். அவர் அங்கே முப்பது வருஷம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னால் போன வண்டிகளில் பாதிக்கு அவர்தான் அடித்தகடு பற்றவைத்தவர்.

அவர்கள் இரண்டு பேருக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பெரியம்மா முதல்முறை தேர்தலில் நின்றபோது பெரியப்பா சொன்னாராம், உன் வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன், நான் மீன் மாவில் என்ன கலக்கிறேன் என்று நீ கேட்காதே என்று. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், இறைச்சி தின்னாத வெள்ளிக்கிழமைகளில், எங்கள் பங்குக் கோயில் கூடத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். ஊரே வரும். எண்ணெய்ச் சட்டிக்குப் பெரியப்பாதான் பொறுப்பு. மாவில் அவர் என்ன சேர்க்கிறார் என்று பங்குச் சாமியாருக்கும் தெரியாது. அந்த ஒப்பந்தத்தை அவர்கள் இருவரும் ஒரு நாளும் மீறியதில்லை. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டு நாய், யார் இறந்தார்கள், யாருக்குப் பேரன் பிறந்தான், இதுதான் பேச்சு.

அந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில் தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஈஸ்டருக்குள் வண்டிகள் கிளம்பாவிட்டால் இரண்டாவது ஷிப்ட் மூடப்படும். இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். பணிமூப்பில் கடைசியாக நின்றவர்களில் நானும் ஒருவன்.

தொழிற்சங்கத் தலைவர் டென்னி க்ரோத்தஸ் பெரியப்பாவுடன் பள்ளியில் படித்தவர். சீட்டாட்டத்தில் நாற்பது வருஷமாக ஒரே பக்கம் உட்காருகிறவர்கள். வியாழக்கிழமை பிற்பகல் சங்கக் கட்டடத்தில் ஆட்டம் நடக்கும். ஷிப்டுக்குப் போகுமுன் நானும் அங்கே உட்கார்ந்து பார்ப்பேன். அன்றைக்கு டென்னி சீட்டைப் பிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அது உன் கையால பத்தவச்ச மாடல்டா லைனஸ். உன் பொண்டாட்டி அத மாட்டுக் கொட்டாய்ல கட்டி வச்சிருக்கா."

பெரியப்பா துருப்பு கேட்டார். டென்னி விடவில்லை. வாஷிங்டனுக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் பெர்னி தானே எடுத்து, முழுக்கக் கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டு, அவர் மனைவியின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாளாம். இவ்வளவு மரியாதையாக ஒருத்தி கழுத்தை அறுத்து நான் பார்த்ததில்லை என்றார். மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார்.

பிறகு டென்னி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "ஒரே ஒரு தடவை நீ கேளு. வேற யார் கேட்டும் நடக்கல. நீ கேட்டா நடக்கும்."

"கேக்கறதில்லன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"அவகிட்ட."

டென்னி என் பக்கம் திரும்பினார். "இதோ உக்காந்திருக்கான் பாரு, உன் மச்சினி பையன். ஈஸ்டருக்கு அப்புறம் இவன் எங்க போவான்?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கேட்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. எங்கேயோ ஒரு மலையில் யாரோ ஒருவரின் சுவர் இடிந்தது உண்மையா என்பதைவிட எனக்கு வாடகை முக்கியமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷிப்டில் எனக்கு விடுப்பு. பெரியம்மாவைக் கூட்டி வர டேட்டன் விமான நிலையத்துக்கு நானும் போனேன். பெரியப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, வண்டி ஓட்டக்கூடாது. அவருடைய பிக்கப் வண்டியில் முன்னால் ஒரே நீள இருக்கை. நான் ஓட்ட, நடுவில் பெரியம்மா, ஓரத்தில் பெரியப்பா. போன இலையுதிர் காலத்தில்தான் அவளுக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள். காலை நீட்ட இடமில்லாமல் கியர் பக்கம் வைத்துக்கொண்டாள். நான் கியர் போடும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

குழாய் பற்றிப் பேசினார்கள். நாய் பற்றிப் பேசினார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, அறுத்த சோளத்தட்டை நிற்கும் வயல்களுக்கு நடுவே வந்தபோது பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி போன வண்டி எல்லாம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியாது."

"கேட்டியா?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"காட்டலயா?"

"காட்டல."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். ஒரு போன் செய்தால் முடிந்துவிடுமே பெரியம்மா என்றேன். முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டாள். அதனால்தான் செய்ய முடியவில்லை என்றாள். இப்போது விட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்த வண்டியைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுமாம்.

"என் வேலை போயிடும்," என்றேன்.

"தெரியும் கர்ட். உன் பேரையும் சேத்துத்தான் யோசிச்சேன்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வழக்கம் அது. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

சம்பந்தி வீட்டுத் தூதர் முந்தின நாளே ஊருக்கு வந்திருந்தார். வாஷிங்டனில் அந்த நாட்டுக்குச் சம்பளத்துக்கு யோசனை சொல்கிற ஆட்கள் சிலர் உண்டு. அவர்கள் கண்டுபிடித்த வழி இது. அவளோடு மோதாதீர்கள், அவள் ஊருக்குப் போங்கள், அவள் ஜனங்களுக்குச் சோறு போடுங்கள். அன்று மாலையே அவர் தொழிற்சாலைக்கு வந்து எங்கள் ஷிப்டில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். குட்டையான மனிதர், மெல்லிய தோல் ஷூ, பனியில் கால் விறைத்துப் போயிருக்கும். என் பெயரைக் கேட்டு, திரும்பிப் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லி விடைபெற்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை கோயில் கூடத்தில் ஊருக்கே மீன் தன் செலவு என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். பங்குச் சாமியார் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். கூடத்துக் கூரை இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

யோசனை சொன்ன ஆட்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, இது ஒன்றைத் தவிர. அல்லது தெரிந்தும் மறந்துவிட்டார்கள். சபை உறுப்பினர்கள் வெளியாள் செலவில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. நின்றுகொண்டு, பல்குத்தும் குச்சியில் குத்தி வாயில் போடுகிற அளவுக்குக் கொறிக்கலாம். எழுதிய விதி நீளமானது, ஆனால் வாஷிங்டனில் எல்லாரும் அதைக் குச்சி விதி என்றுதான் சொல்வார்கள். தட்டும் முள்கரண்டியும் வந்துவிட்டால் அது விருந்து. விருந்து வாங்கிக்கொண்டு அந்த நாட்டையே கேள்வி கேட்க முடியாது. தலைநகரின் வரவேற்புகளில் இது யாருக்கும் உறுத்தாது, அங்கே எல்லாரும் நின்றுகொண்டுதான் தின்பார்கள். ஆஸ்டர்மில் கோயில் கூடத்தில் நீள மேஜைகள்தான் உண்டு. நின்று சாப்பிடுகிறவர் யாருமில்லை.

பெரியம்மா வாசலில் பணம் நீட்டினாள். சாமியார் சிரித்துக்கொண்டே அவள் கையை மூடினார். இன்றைக்கு யாரிடமும் வாங்குவதில்லை, விருந்தாளி முன்னால் இப்படிச் செய்யாதீர்கள் என்றார். தூதர் பக்கத்திலேயே நின்றார். ஊர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிற பெண் கேமராவோடு நின்றாள். பெரியம்மா வற்புறுத்தினால் சாமியாருக்கும் விருந்தாளிக்கும் அவமானம். உட்கார்ந்து சாப்பிட்டால் திங்கட்கிழமை அந்தப் படம் வாஷிங்டனில் எல்லார் மேஜையிலும் இருக்கும். பெரியம்மா போய்க் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டாள். யாரோ கொண்டுவந்த ஒரு துண்டு மீனைக் குச்சியில் குத்திக் கடித்தாள்.

இருநூறு முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட, அவள் மட்டும் நின்றாள். முதல் கால் மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு எல்லாரும் அதை மட்டும்தான் கவனித்தார்கள். அவளோடு ஞானஸ்நானம் வாங்கின கிழவிகள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். விதியைச் சொன்னாள். இதென்ன விதி, மீன்தானே என்றார்கள். நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் புது முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றுவது தெரிந்தது.

டென்னி தன் மேஜையிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "என்ன பெர்னி, எங்ககூட உக்காந்தா ஒட்டிக்குமா?"

"உக்காரணும்னுதான் டென்னி ஆசை. கால் வலிக்குது."

"அப்ப உக்காரு. வண்டியையும் அனுப்பு. ரெண்டும் ஒரே வேலைதான்."

கூடம் சிரித்தது. சிரிப்பு முழுக்க நல்லதாக இல்லை. தூதர் சிரிக்கவில்லை. தன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் காதில் யோசனைக்காரன் ஒருவன் ஏதோ சொன்னான். அவர் கையால் அவனைத் தள்ளிவிட்டார்.

பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி முன்னால் பெரியப்பா நின்றார். அறுவை செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அவர் மனைவியைப் பார்த்தார், டென்னியைப் பார்த்தார். கரண்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். சமையல் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். பின்கதவு வழியாக வெளியே போனார்.

பெரியம்மாவும் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஏதோ குலைந்தது. டென்னி சொன்னதற்கெல்லாம் அசையாமல் நின்றவள் அவள். நாற்பத்தைந்து வருஷத்தில் பெரியப்பா சட்டியை விட்டுப் போனது கிடையாது. போய்விட்டார் என்றால் அவர் யார் பக்கம் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். டென்னிகூடக் கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரித்தான் தெரிந்தார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ போய் அவர் வண்டி ஓட்டாம பாத்துக்கோ. அவருக்குக் கண்ணு இன்னும் ஆறல."

நான் வெளியே ஓடினேன். பிக்கப் நின்ற இடத்தில் இல்லை. சாவியை நான் அதிலேயே விட்டிருந்தேன். பனிமேட்டில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. அவர்கள் வீடு நான்கு தெரு தள்ளி. அவளிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குளிரில் நின்றேன். போய்விட்டார் என்று சொன்னேன். சரி என்றாள். குச்சியை எடுத்து இன்னொரு துண்டு மீனைக் குத்தினாள். வாயில் வைக்கவில்லை.

மீன் தீர்ந்து இனிப்பு பரிமாறத் தொடங்கியபோது பெரியப்பா முன்வாசல் வழியாக வந்தார். கையில் பழுப்புக் காகிதப் பை, கக்கத்தில் பிளாஸ்க். சுவரில் சாத்தியிருந்த மடக்கு நாற்காலிகளில் இரண்டை எடுத்து விரித்தார். டென்னியின் மேஜை முனையிலேயே கொண்டுபோய்ப் போட்டார்.

"வந்து உக்காரு. நம்ம வீட்டு ரொட்டி."

முட்டை சாண்ட்விச். குறுக்காக வெட்டியிருந்தார். ஊறுகாய் வெள்ளரி ஒன்று, மெழுகுத்தாளில் சுற்றியது. பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். உட்காரும்போது மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. காலை நீட்டிக்கொண்டாள். பெரியப்பா ஒரு பாதியை அவளிடம் கொடுத்து, மறு பாதியைத் தானே தின்ன ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் நின்று தன் கையால் பொரித்த மீனில் ஒரு துண்டுகூட அவர் எடுக்கவில்லை.

"ஒத்தக் கண்ணோட வண்டி ஓட்டினியா?" என்றாள்.

"மெதுவாத்தான் ஓட்டினேன்."

"உப்பு பத்தல."

"அவசரத்துல செஞ்சது."

டென்னி தன் தட்டைத் தள்ளிவைத்தார். "அப்ப நீயும் அந்தப் பக்கம்."

பெரியப்பா மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். "பக்கம் எல்லாம் இல்லடா. என் வேலை அது. நான் பத்தவச்சது எங்க நிக்குதுன்னு எனக்கும் தெரியணும். உனக்குத் தெரிய வேணாமா?"

டென்னி எழுந்து இனிப்பு எடுக்கப் போனார்.

காலியான அவர் நாற்காலியில் தூதர் வந்து உட்கார்ந்தார். தன் ஆட்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். கையில் தட்டு இல்லை. முதலில் மன்னிப்புக் கேட்டார். உங்களை உங்கள் கோயிலிலேயே நிற்க வைத்துவிட்டேன் என்றார். பெரியம்மா பரவாயில்லை என்று தன் பாதியில் பாதியைப் பிய்த்து மெழுகுத்தாளில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவருக்கு எந்த விதியும் தடையில்லை. அவர் அதை மரியாதையாக முழுக்கத் தின்றார். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நகர மனம் வரவில்லை.

தூதர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம், உங்க கேள்வியை நானும் எங்க ஊருக்கு மூணு தடவை அனுப்பினேன். எனக்கே பதில் வரல."

பெரியம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள். இந்த ஒரு வாக்கியத்தை அவள் திங்கட்கிழமை குழுவில் சொல்லியிருந்தால் போதும். சொந்தத் தூதருக்கே சொல்லாத நாடு என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்திருக்கும். அவள் ஜெயித்திருப்பாள். இந்த மனிதர் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய், அங்கே என்ன ஆகியிருப்பார் என்று சொல்ல முடியாது.

"இத நான் கேக்கல," என்றாள். பெரியப்பாவைப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

"கண்ணுதான் மோசம்னு நெனச்சேன். காதும் போச்சு போல."

"கர்ட்?"

நான் மேஜையைத் துடைத்தேன்.

பிறகு அவள் தூதரிடம் சொன்னது சின்ன ஏற்பாடு. எங்கள் ஆள் வர வேண்டாம், நீங்களே ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போங்கள், வண்டிகளைக் கண்ணால் பாருங்கள். "பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன்." அவர் தன் ஷூவைப் பார்த்து, அங்கே இப்போது வெயில் காலம் என்றார். அதைச் சம்மதம் என்று பெரியம்மா எடுத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளியோடு இரண்டாவது ஷிப்டை மூடினார்கள். யாரும் கடைசி நிமிஷத்தில் போன் செய்து காப்பாற்றவில்லை. நாங்கள் அலமாரிகளைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தபோது வண்டிகள் மேல் பனி உருகி, பச்சைப் பெயின்ட் பளபளவென்றிருந்தது. பெரியம்மா என் வீட்டுக்கு வந்தாள். ஒரு பாத்திரம் நிறையச் சமைத்த சாப்பாட்டோடு வந்து, அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, நான் தின்னும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்கள் வீட்டில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பெரியப்பா எடுத்து, முட்டை சாண்ட்விச்காரர் என்று சொல்லி அவளிடம் கொடுத்தார். தூதர் அவர் ஊரிலிருந்து பேசினார். எல்லைக்குப் போய்ப் பார்த்தாராம். பாதிக்குமேல் வண்டிகள் அங்கே இருந்தன, நன்றாகப் பராமரித்திருந்தார்கள். அடியில் குனிந்து வெல்டிங்கைத் தொட்டுப் பார்த்ததாகவும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னாராம். மற்ற வண்டிகள் பழுதுபார்க்கும் இடத்தில் இருக்கின்றன என்றார்கள். அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப் போகவில்லை. மூன்று நாள் கேட்டும் கூட்டிப் போகவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்று பெரியம்மா கேட்டாள். மறுமுனையில் அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவரை வாஷிங்டனுக்குத் திருப்பி அனுப்பவில்லை. எங்கோ கடலோர ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராகப் போட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

அவள் தன் வார்த்தையைப் பாதி காப்பாற்றினாள், பாதி பிடித்துவைத்தாள். அவர் பார்த்த வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் போகலாம் என்று துறையிடம் சொன்னாள். புது வண்டிகள் அங்கேயே நின்றன. உதிரிபாக வேலைக்காக இரண்டாவது ஷிப்டில் பாதிப் பேரைத் திரும்ப எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. மாவு வாசம் சட்டையை விட்டுப் போவதில்லை. மோசமில்லை.

நவம்பர் தேர்தலில் டென்னி அவளுக்கு எதிராக வீடு வீடாகப் போனார். அவள் மயிரிழையில் ஜெயித்தாள். மறுவருஷத் தவக்காலத்தில் முதல் வெள்ளிக்கிழமை கூடத்தில் அவரவர் மீனுக்கு அவரவரே காசு கொடுத்தார்கள். கூரை இன்னும் ஒழுகியது. பெரியம்மா தட்டோடு வந்து ஒரு மேஜையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி நான்கைந்து நாற்காலி காலியாகவே இருந்தது. டென்னி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

"காசு குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அப்ப தின்னு. ஆறிடப் போகுது." அவரும் உட்கார்ந்தார். பெரியம்மா அவர் மனைவியின் முதுகுவலியைப் பற்றிக் கேட்டாள்.

பழைய ஒப்பந்தம் அந்தப் பிக்கப்பிலேயே உடைந்துவிட்டது. இப்போதும் வாரா வாரம் டேட்டனிலிருந்து அவளைக் கூட்டி வருகிறோம். பெரியப்பாவுக்குக் கண் சரியாகிவிட்டது, அவரே ஓட்டுகிறார். இரவு வேலை முடிந்த தூக்கக் கலக்கத்தில் நான் ஓரத்தில் உட்கார்ந்து வருவேன். சோள வயல் வந்ததும் அவர் கேட்பார்.

"காட்டினாங்களா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்பாள். "மாவுல என்னதான் போடற?"

"அத வெளிய சொல்றதுக்கில்ல," என்பார் பெரியப்பா. பிறகு நாயைப் பற்றிப் பேசுவார்கள்.